‘பளம்’ என்று சொன்னால் கோளாறா? ஸ்பீச் தெரபி படிப்பவர்கள் எழுத வேண்டிய இரண்டு தேர்வுகள்!

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையை ஒட்டி இருக்கிறது ஆதிச்சநல்லூர். முதுமக்கள் தாழிகளால் உலகமே அறிந்த ஊர். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் தோண்டியதில் தொடங்கி, அலெக்ஸாண்டர் ரீ, 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை எனப் பலரும் கிளறிப் பார்த்த மண். ஆனால், இங்கே பேசப்போவது தாழிகளைப் பற்றி அல்ல. அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரத்தில் வரும் இரண்டு ஊர்களையும், அந்த ஊர்களின் இரண்டு பிள்ளைகளையும் பற்றி.

முதல் ஊர் ஸ்ரீவைகுண்டம். அங்கே பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவே இல்லை. கவலையில் தவித்த பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதிக்குத் தூக்கிப் போக, அங்கேதான் வாய் திறந்து பாடினார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் வரலாறு. அடுத்தது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் புளியமரப் பொந்தில் பதினாறு ஆண்டுகள் பேசாமல் அமர்ந்திருந்தார், மதுரகவி வந்து கேள்வி கேட்ட பிறகே பேசினார் என்பது அந்த ஊர் ஐதிகம்.

இப்படி இரண்டு கதைகள் பிறந்த கரையில், ஒரு பிள்ளை இரண்டு வயதாகியும் பேசவில்லை என்றால் ஆறுதல் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ‘அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்’ என்று ஆச்சி ஒருபக்கம் சொல்வார். நாக்கில் வசம்பை உரசித் தடவச் சொல்வார் பக்கத்து வீட்டு அத்தை. திருச்செந்தூருக்கு நேர்ந்துகொள்வார்கள். இதில் எதையும் கேலி செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு சிக்கல்தான். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் ஒன்றிரண்டு வருடங்கள் ஓடிப்போயிருக்கும்.

காது கேளாமை விஷயத்தில் உலகம் முழுவதும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு 1-3-6. பிறந்து 1 மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதி செய்யப்பட வேண்டும், 6 மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் வேகம் சின்ன வயதில்தான் அதிகம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது. ஆனால், கருவியைப் பொருத்திய மறுநாளே பிள்ளை பேசிவிடாது. கேட்கிற சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதை மாதக்கணக்கில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அந்த ‘ஒருவர்’ ஆவதற்குத்தான் இத்தனை படிப்பும், இத்தனை தேர்வும்.

பேச்சு மட்டும்தானா வேலை?

‘ஸ்பீச்-லாங்வேஜ் பேத்தாலஜிஸ்ட்’ என்பது முழுப் பெயர். சொல்வதற்கே ஒரு பயிற்சி வேண்டும் என்பதாலோ என்னவோ, ஊரில் எல்லோருக்கும் அவர் ‘ஸ்பீச் தெரபிஸ்ட்’தான். திக்குவாய் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அவர் வேலையில் ஒரு சிறு துண்டு.

பக்கவாதம் வந்து பேச்சு போன அப்பாவுக்கு வார்த்தைகளை மீட்டுத் தருவது, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தன் தேவையைச் சொல்லக் கற்றுத்தருவது, அண்ணப்பிளவு அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையின் மூக்கொலிப் பேச்சைச் சரிசெய்வது, தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை இழந்தவருக்கு மாற்றுக் குரல் பழக்குவது எல்லாமே இவர்கள் வேலை. இன்னொன்று பலருக்கும் தெரியாது. விழுங்குவதில் வரும் பிரச்னையும் இவர்கள் பொறுப்புதான். பேசும் தசைகளும் விழுங்கும் தசைகளும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், தொண்டையில் தண்ணீர் இறங்காத முதியவரையும் இவர்களிடம்தான் அனுப்புவார்கள்.

ஆதிச்சநல்லூரிலிருந்து எப்படிப் போவது?

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்த ஒரு மாணவி இந்தப் படிப்புக்கு வர வேண்டுமானால், அவர் தேட வேண்டிய பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. செவித்திறன், பேச்சு, மொழி மூன்றையும் சேர்த்துப் படிக்கும் 4 ஆண்டு இளநிலைப் படிப்பு. 3 ஆண்டு பாடம், 1 ஆண்டு இன்டர்ன்ஷிப். இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். இந்த விதி நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும்.

தமிழ்நாட்டில் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் இதுவும் ஒன்று. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. சென்னை மருத்துவக் கல்லூரி, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, சென்னை முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவற்றில் படிக்கலாம். மைசூருவில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம்தான் இந்தத் துறையில் நாட்டுக்கே தாய்வீடு. மும்பையில் 1983-ல் வந்தது அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம். தேசிய நிறுவனங்களுக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். முறை அவ்வப்போது மாறுவதால், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு ஆச்சர்யம். அமெரிக்காவில் இருப்பதுபோல, படிப்பை முடித்த பிறகு எழுத வேண்டிய ஒற்றை உரிமத் தேர்வு இந்தியாவில் இல்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பட்டம் வாங்கினால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த அமைப்பு 1992-ம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. ஆக, இங்கே உண்மையான சல்லடை கல்லூரித் தேர்வுகளும், நோயாளி முன்னால் நிற்க வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வும்தான். பதிவெண் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. தொடர்கல்வி வகுப்புகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்து, அதைக் காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும்.

பதிவு இல்லாமல் தொழில் செய்தால்? சட்டத்தில் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஒரு பிள்ளையின் இரண்டு வருடத்துக்கு 1,000 ரூபாய் என்பது ரொம்ப மலிவான விலை. அதனால் பெற்றோர்தான் உஷாராக இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்குப் பயிற்சி தருபவரின் ஆர்.சி.ஐ. பதிவெண்ணைத் தயங்காமல் கேட்கலாம். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கவும் வசதி இருக்கிறது. முறையாகப் படித்தவர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடல் கடந்தால் 132 கேள்விகள்

வெளிநாட்டு வேலையைக் கனவு காண்பவர்களுக்குக் கதை வேறு. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான சான்றிதழைத் தருவது ‘ஆஷா’ என்ற சங்கம். (நம்மூர் ஆஷா பணியாளர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1925-ல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது.)

அந்தச் சான்றிதழுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். படிக்கும்போது 400 மணி நேர மருத்துவப் பயிற்சி, அதில் 25 மணி நேரம் மூத்தவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்பது, மீதி 375 மணி நேரம் நேரடியாகச் செய்வது. படித்து முடித்தபின் மேற்பார்வையில் 36 வாரம், 1,260 மணி நேரம் வேலை. இவற்றோடு ‘பிராக்ஸிஸ்’ என்ற கணினித் தேர்வு.

பிராக்ஸிஸில் 132 கேள்விகள், 150 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு 70 விநாடிகூடக் கிடைக்காது. 100 முதல் 200 வரையிலான மதிப்பெண் அளவில் 162 எடுத்தால் ஆஷா ஏற்றுக்கொள்ளும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே எதையும் காலியாக விட்டு வருவது வீண். அடிப்படை அறிவும் தொழில் நெறியும், பரிசோதித்துக் கண்டறிதல், சிகிச்சையைத் திட்டமிட்டுச் செய்தல் என மூன்று பகுதிகள். மூன்றும் ஏறக்குறைய சம எடை.

இங்கிலாந்தில் இப்படி ஒரு தேர்வு இல்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களிடம், மற்ற சிகிச்சைத் துறையினரிடம் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 7 கேட்கும் அதே அமைப்பு, இவர்களிடம் மட்டும் 8 கேட்கிறது. அடுத்தவர் பேச்சைத் திருத்த வருகிறவர் ஆயிற்றே!

என்னதான் கேட்பார்கள்?

மனப்பாடம் செய்தால் முடிந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் பேச்சுக்கும் விழுங்கலுக்கும் முக்கியமானவை 5, 7, 9, 10, 11, 12. எது தாடையை அசைக்கும், எது உதட்டைக் குவிக்கும், எது நாக்கை நகர்த்தும் என்று தெரிந்தால் போதும். தொண்டையில் இருக்கும் ஹையாய்டு எலும்பு வேறு எந்த எலும்போடும் மூட்டு போட்டுக்கொள்ளாமல் தசைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் கேள்வித்தாள்களுக்குப் பிடித்த தகவல்.

அதற்கு மேலே, மனப்பாடம் கைகொடுக்காத பகுதி ஆரம்பிக்கிறது. ஓர் உதாரணம். பத்தாவது நரம்பிலிருந்து பிரிந்து குரல்வளைக்குப் போகும் கிளை, இடதுபக்கத்தில் நேராகப் போவதில்லை. கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறித்தான் குரல்வளையை அடைகிறது. அதனால் நெஞ்சுக்குள் ஒரு கட்டியோ, தமனியில் வீக்கமோ இருந்தால் அது முதலில் குரல் கம்மலாக வெளிப்படலாம். தேர்வில் கேள்வி எப்படி வரும்? ‘55 வயது ஆண், பல வாரங்களாகக் குரல் கம்மியிருக்கிறது, குரல் பயிற்சி கேட்டு வந்திருக்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்?’ நான்கு விடைகளில் மூன்று, விதவிதமான நல்ல குரல் பயிற்சிகளாக இருக்கும். சரியான விடை நான்காவது: காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாண்களைப் பார்க்காமல் பயிற்சி தொடங்கக் கூடாது.

‘முதலில் என்ன?’ என்கிற இந்த ஒற்றைச் சொல்லில்தான் நன்றாகப் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை, பேச்சு தெளிவில்லை. முதலில் என்ன? உச்சரிப்புச் சோதனையா, நாக்குப் பரிசோதனையா, பெற்றோருக்கு ஆலோசனையா? எதுவும் இல்லை. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆச்சி சொன்ன ஆறுதலில் விடுபட்டுப்போன அதே விஷயம்தான், தேர்வின் விடைத்தாளிலும் முதல் வரி.

பக்கவாதப் பாடத்துக்கு வந்தால் 1861-ல் பாரிஸுக்குப் போக வேண்டும். பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் வந்த நோயாளி, எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஒரே ஒலியைத்தான் சொன்னார். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதி சேதமாகியிருந்தது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை விவரித்தார். அந்த நோயாளிகள் தடையில்லாமல் பேசுவார்கள். ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் அவர்களுக்குப் பிடிபடாது. இரண்டுக்கும் பொதுப்பெயர் அஃபேசியா.

வீட்டில் இது எப்படி இருக்கும்? தட்டில் இருக்கும் இட்லியைத் தாத்தா காட்டுகிறார், ‘அது... அது...’ என்கிறார், பெயர் வரவில்லை. ‘ஞாபகம் போயிட்டு’ என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஞாபகம் அங்கேதான் இருக்கிறது, பெயருக்குப் போகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ தனி வகை. நிரந்தரமான அஃபேசியாவும் அதில் அடங்கும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

விழுங்கல் பாடத்தில் ஒரு விஷயத்தை மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் இருமல் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பக்கவாதம் வந்த சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, சில நாளில் நிமோனியாவாக வரும். படுத்தபடுக்கையாக இருப்பவருக்குப் பாசத்தோடு ஊற்றுகிற கஞ்சி ஆபத்தாக முடிவது இப்படித்தான்.

தமிழ் மீடியத்துக்கு ஒரு போனஸ்

பாடப்புத்தகம், கேள்வித்தாள் எல்லாமே ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வருகிற மாணவிக்கு முதல் வருடம் அகராதியோடுதான் போகும். ஆனால், ஒரு பாடத்தில் மட்டும் அவர் மற்றவர்களைவிட ஓரடி முன்னே இருப்பார். ஒலியியல்.

எட்டாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தில் ‘எழுத்துகளின் பிறப்பு’ படித்திருப்பாரே! நாக்கின் அடிப்பகுதி மேலண்ணத்தின் அடிப்பகுதியைத் தொட்டால் க. நுனி நாக்கு மேலண்ணத்தின் நுனியைத் தொட்டால் ட. நுனி நாக்கு அண்ணத்தை வருடினால் ர, ழ. இரண்டு உதடும் சேர்ந்தால் ப, ம. தொல்காப்பியம் பிறப்பியலில் மார்பு, கழுத்து, தலை, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களைச் சொல்கிறது. ஆங்கிலப் பாடநூல் ‘வீலர்’, ‘ரெட்ரோஃப்ளெக்ஸ்’, ‘பைலேபியல்’ என்று வகுப்பதும் ஏறக்குறைய இதையேதான். மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த இலக்கணம், இங்கே தொழில் கருவியாகத் திரும்ப வருகிறது.

ஆங்கிலக் கேள்வித்தாள், தாமிரபரணித் தமிழ்

இனிதான் உண்மையான சிக்கல். தேர்வுக்குப் படிப்பது ஆங்கிலம் பேசும் குழந்தையை. எதிரே வந்து உட்காரப்போவதோ தூத்துக்குடி மாவட்டத்துக் குழந்தை.

உதாரணமாக, ரோஜர் பிரவுன் 1973-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு. ஆடம், ஈவ், சாரா என்ற மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து, ஆங்கிலத்தின் 14 இலக்கண உருபுகள் எந்த வரிசையில் வருகின்றன என்று கண்டுபிடித்தார். வாக்கியத்தின் சராசரி நீளத்தை வைத்து மொழி வளர்ச்சியை அளப்பது இதிலிருந்துதான் பிரபலமானது. தேர்வில் தவறாமல் வரும்.

இதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியுமா? கையில் இருந்த பொம்மை கீழே விழுந்ததும் நெல்லைப் பக்கத்துக் குழந்தை ‘விளுந்துட்டு’ என்கிறது. வார்த்தையாக எண்ணினால் ஒன்றுதான். உள்ளே பிரித்தால் விழு என்ற வினை, அது நடந்த காலம், நடந்து முடிந்தே விட்டது என்ற பொருள் என்று மூன்று சரக்கு இருக்கிறது. ‘ஒரே ஒரு வார்த்தைதான் பேசுது’ என்று எழுதினால் அந்தக் குழந்தைக்கு அநியாயம்.

இதே வட்டாரத்தில் ‘பஸ் போயிட்டு’ என்றால் பேருந்து போய்விட்டது என்று அர்த்தம், விஷயம் முடிந்தது. சென்னையில் படித்துவிட்டு வந்தவர், ‘போயிட்டு... அப்புறம்?’ என்று காத்திருப்பார். வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினாலும் எழுதுவார். ‘சொல்றான்’ என்பதற்குப் பதில் ‘சொல்லுதான்’ என்பதும், ‘வந்தாங்க’ என்பதற்குப் பதில் ‘வந்தாவ’ என்பதும் இங்கே தாத்தாக்கள் பேசும் தமிழ். அதைப் பேரன் பேசினால் இலக்கணப் பிழையாகிவிடுமா?

ழகரம் இன்னும் சுவாரஸ்யம். வாழைத்தோட்டங்கள் நிறைந்த தாமிரபரணிக் கரையில் பெரியவர்களே ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறார்கள். சென்னையில் பலரிடம் அது ‘வாயப்பயம்’. யாழ்ப்பாணத்தில் ழகரம் ளகரமானாலும், ‘வெற்றி’யில் வரும் றகரத்தைத் தமிழ்நாட்டில் நாம் மறந்துபோன நுனிநாக்கு ஒலியோடு இன்றும் சொல்கிறார்கள். ஆக, ஆதிச்சநல்லூர்ப் பிள்ளை ஒன்று ‘பளம்’ என்றால் அது குடும்பத்தாரிடம் கற்ற உச்சரிப்பு. சிகிச்சை தேவையில்லை. வட்டார வழக்கு வேறு, கோளாறு வேறு என்று ஆஷாவே 1983-ல் கொள்கையாக அறிவித்தது. அதைப் பற்றிய கேள்வியும் பிராக்ஸிஸில் வரலாம். ஆனால், எது வழக்கு, எது கோளாறு என்று தமிழில் பிரித்துக் காட்டும் கேள்வி எந்த ஆங்கிலத் தேர்விலும் வராது. அந்த இரண்டாவது தேர்வுக்கு மாணவர் தானாகத்தான் தயாராக வேண்டும்.

இதற்காக நடந்த வேலை இல்லாமல் இல்லை. தமிழ்க் குழந்தைகளுக்கான உச்சரிப்புச் சோதனை 1980-களிலேயே வந்துவிட்டது. மைசூரு நிறுவனத்தில் இந்திய மொழிகளுக்கான சோதனைகளை உருவாக்கும் ஆய்வுகள் தொடர்ந்து நடக்கின்றன. ஆனால் ஒரு மொழிக்கு ஒரு சோதனை என்பது, கன்னியாகுமரி முதல் சென்னைவரை பேச்சு மாறும் தமிழுக்குப் பற்றாது.

இன்னொரு தப்பான ஆலோசனையும் அடிக்கடி காதில் விழுகிறது. பிள்ளை பேசத் தாமதமானால், ‘வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஸ்கூல் மாதிரி இங்கிலீஷிலேயே பேசுங்க’ என்பது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமோ கோளாறோ வருவதில்லை என்பது இந்தத் துறையில் தெளிவாகிவிட்ட விஷயம். அம்மாவுக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் அரைகுறையாகப் பேசுவதைவிட, ஆச்சி கதை சொல்லும் தமிழ்தான் அந்தக் குழந்தைக்கு அதிகம் உதவும்.

எங்கே போய்ப் பார்ப்பது?

ஒரு வயது வாக்கில் முதல் வார்த்தை, இரண்டு வயதில் ‘பால் வேணும்’ போல இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வது. இது தோராயமான கணக்கு. இதில் பெரிய தாமதம் தெரிந்தால், அல்லது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமே சொல்லலாம். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். கட்டணம் கிடையாது.

ஆதிச்சநல்லூரிலிருந்து ஒரு பக்கம் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி, மறுபக்கம் திருநெல்வேலி. பாளையங்கோட்டையில் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. திருச்செந்தூர் பேருந்து எந்தச் சாலையில் போகிறதோ, அதே சாலையில் எதிர்த்திசையில் ஏறினால் போதும்.

சீட்டுக்கட்டில் கருப்பட்டி

செய்முறைத் தேர்வில் மாணவர் முன்னால் ஒரு குழந்தையை உட்கார வைப்பார்கள். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு அட்டைகளில் பனிமனிதனும், இக்ளூ வீடும், செர்ரிப் பழமும் இருக்கும். பனியையே பார்க்காத குழந்தை பேசாமல் உட்கார்ந்திருந்தால், வார்த்தை தெரியவில்லையா, ஒலி வரவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனால் விவரமான மாணவர்கள் தங்கள் அட்டைகளைத் தாங்களே தயாரித்துக்கொள்ளலாம். தூத்துக்குடிப் பக்கம் என்றால் சங்கு, வள்ளம், நுங்கு, உப்பு, பனங்கிழங்கு என்று கைபேசியில் படம் எடுத்தாலே அரைக்கட்டு சேர்ந்துவிடும். சங்கிலும் நுங்கிலும் மூக்கொலி இருக்கிறது, வள்ளத்தில் ளகரம் அழுத்தமாக வருகிறது. எல்லாவற்றிலும் கெட்டிக்கார அட்டை கருப்பட்டி. சொல்லின் முதலில் க, நடுவில் ர, இரட்டையாகப் ப்ப, ட்ட என எல்லாம் ஒரே சொல்லில்.

குழந்தை அதைப் பார்த்து ‘தலுப்பத்தி’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடித்தொண்டையில் வர வேண்டிய க, பல்லுக்கு வந்து த ஆகியிருக்கிறது. ர, ல ஆகியிருக்கிறது. நாக்கை மடித்துச் சொல்ல வேண்டிய ட்ட, த்த ஆகியிருக்கிறது. ஒரே அட்டையில் மூன்று தகவல்கள். அடுத்த கேள்வி குழந்தையின் வயது. இரண்டரை என்றால், காதைப் பரிசோதித்துவிட்டு, சில மாதம் கழித்து வரச் சொல்லலாம். அந்த வயதில் இது பெரும்பாலும் இயல்புதான். ஐந்து என்றால், காதைப் பரிசோதித்துவிட்டு அந்த வாரமே கஒலியில் பயிற்சியைத் தொடங்க வேண்டும். ரகரம் தாமதமாகத்தான் வரும், அதற்கு அவசரமில்லை. அட்டையைக் கீழே வைத்த பிறகு, வாழைப்பழப் படத்தைக் காட்டும்போது அதே குழந்தை ‘வாளப்பளம்’ என்றால், அதற்கு ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போகலாம்.